செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றபோது

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் எப்போதாவது ஒருநாள் என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, புது ஐடியா எங்கிருந்துதான் வரும்?" எங்களுடையது வேலூரில் இயங்கும் சின்ன டிசைன் அலுவலகம். செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறோம். கடைகளுக்கு லோகோ, பேக்கிங் அட்டை, பெயர்ப்பலகை எல்லாம் செய்து தருகிறோம். வருகிற பிள்ளைகள் பிஹான்ஸ், பின்டரெஸ்ட் என்று டிசைன் படங்கள் குவிந்திருக்கும் இணையதளங்களில் ஊறியே வருகிறார்கள். கண்ணைப் பழக்க அவை நல்ல இடங்கள்தான், நானும் தினமும் பார்க்கிறேன். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் வேறு யாருடைய சிக்கலுக்கோ வேறு யாரோ கண்டுபிடித்த விடை. நம் மேஜையில் இருக்கிற சிக்கல் அவர்களுக்குத் தெரியாது. அதனால் நான் சொல்வது எப்போதும் ஒன்றே: வேலை நடக்கிற இடத்துக்குப் போ, அங்கே கைகள் என்ன செய்கின்றன என்று பார்.

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் ஒரு யூனிட்டுக்காகச் செய்த வேலையைச் சொல்கிறேன். தைத்து முடிந்த அப்பர்களைச் சோதித்து, குறை உள்ளதைப் பிரித்து, எந்த லைனில் என்ன தப்பு நடந்தது என்று டேப்லெட்டில் பதிய வேண்டும். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரு படிவம். குறையின் வகை, பாகத்தின் பெயர், லைன் எண், கடைசியில் ஒரு பொத்தான். நிர்வாகம் கேட்டதும் அதைத்தான். வரைய ஆரம்பிக்கும் முன் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் நின்று பார்க்க அனுமதி கேட்டோம். மறுக்காமல் கொடுத்தார்கள்.

டேபிளில் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். அப்பர் ஒன்றை எடுத்து உள்ளே கை விட்டு விரித்து, முன்பாகத்தை ஒருமுறை வளைத்து, தையல் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டுவார்கள். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுபிடித்துவிடும். தையல் விட்டிருந்தாலோ, விளிம்பு மடிந்திருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ காதோரம் செருகியிருக்கும் சில்வர் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு வட்டம். அவ்வளவுதான், அடுத்த அப்பர் கைக்கு வந்துவிடும். எழுதுவது பிறகு, கும்பலாக, ஞாபகத்திலிருந்து. ஏன் உடனே எழுதுவதில்லை என்று கேட்டேன். பல வருஷமாகச் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா சிரித்தார். "எழுதறதுக்கு எங்க சார் நேரம்? வட்டத்தப் பாத்தாலே தைக்கிற பொண்ணுக்கு இன்னா தப்புன்னு தெரிஞ்சிடும்."

எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த வட்டத்தில் இருந்தது. திரையில் படிவமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அப்பரை விரித்து வைத்த படம் ஒன்று திரை முழுக்க வரும். பேனாவால் வட்டம் போட்ட அதே இடத்தைப் படத்தில் ஒருமுறை தொட்டால் போதும். முன்பாகமா, பக்கவாட்டா, நாக்கா என்பது தொட்ட இடத்திலிருந்தே கணினிக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வழக்கமாக வருகிற இரண்டு மூன்று குறைகள் மட்டும் பெரிய கட்டங்களாக எழும்பும். விரல்களில் பசையும் தோல் தூசும் ஒட்டியிருப்பதால் சின்னப் பொத்தான் எதுவும் வேலைக்கு ஆகாது, கட்டம் கட்டைவிரல் அகலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதையும் அங்கே நின்றபோதுதான் பார்த்தோம். சாயங்காலம் சூப்பர்வைசர் திரையைத் திறந்தால், அன்று விழுந்த புள்ளிகள் எல்லாம் ஒரே படத்தின் மேல் சேர்ந்து தெரியும். ஒரே மூலையில் புள்ளிகள் குவிந்திருந்தால் எந்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த யோசனை அந்த அக்காவுடையது என்றே நான் எல்லாரிடமும் சொல்கிறேன். நாங்கள் அதைத் திரைக்கு மாற்றிக் கொடுத்தோம்.

கையைப் பார்ப்பது என்றதும் வேலூர்க்காரனுக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவு வராமல் இருக்காது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.க்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் அவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலில் சதை கிழிந்து ரத்தம் வழிந்தது, அவனுக்கோ அது தெரியவே இல்லை. வலி தெரியாததால் கை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறது என்ற எண்ணம் அந்த இடத்தில் வலுப்பெற்றது. அதன்பிறகு ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று அவரும் உடன் இருந்தவர்களும் விடாமல் தேடினார்கள். சூடான பாத்திரம், சிலாம்பு நீட்டிய சுத்தியல் பிடி என்று காரணங்கள் கிடைத்தன. ராத்திரி தூங்கும்போது சிலர் விரல் குறைந்துபோன காரணம் எலி. வீட்டுக்குத் திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்கள்.

மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேலை செய்யும் தசையின் நாணை வேறிடத்துக்கு மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையால்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்புகளும் இங்கேயும் காட்பாடியை அடுத்த கரிகிரியிலும் நடந்த உழைப்பில் வந்தவை. அவற்றுக்கு எந்த விதத்திலும் குறையாதது அந்தப் பூனை என்பது என் எண்ணம். வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நம் ஊரில், பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் நடந்தது இது.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது, இரண்டு வரி தட்டினால் படம் வருகிறது. எங்கள் அலுவலகத்திலும் பயன்படுத்துகிறோம், வேலை வேகமாகிறது. ஆனால் ஓர் இனிப்புக் கடையின் பேக்கிங் அட்டைக்கு வேலூர்க் கோட்டை வேண்டும் என்று கேட்டபோது, வந்தது ராஜஸ்தான் பக்கத்துக் கோட்டை போல ஒன்று. செந்நிறக் கல், மாடங்கள், பின்னால் மணல். நம் கோட்டையோ 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கருங்கல் கோட்டை. நாலு பக்கமும் அகழியில் தண்ணீர் நிற்கும். எங்கள் பையன் ஒருவன் காலையில் போய் அகழிக் கரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்து வந்தான். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய கல்லின் கோடுகள் தண்ணீரில் நெளிவதை அவன் பார்த்திருக்கிறான். அந்த நெளிவையே பெட்டியின் நான்கு பக்கமும் ஓடும் கரையாக்கினான். கடைக்காரருக்குப் பிடித்துப்போனது. எனக்கும் ரொம்பப் பிடித்தது. பழைய படங்களையெல்லாம் கலந்து சராசரியை எடுத்துத் தருவதில் அந்தக் கருவி கெட்டி. அகழிக் கரையில் உட்கார அதற்கு வழியில்லை.

சமீபத்தில் ஆரணியிலிருந்து ஒரு வேலை வந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989இல் பிரிக்கும் முன் ஆரணி எங்கள் வட ஆற்காடுதான். பட்டுப்புடவைக் கரைக்குப் புது டிசைன் வேண்டும் என்றார் ஒரு தறிக்காரர். எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி கணினியில் வளைவு வளைவாக மயில் ஒன்றை வரைந்துகொண்டு போனாள், நானும் கூடப் போனேன். தறிக்கு மேலே கோத்துத் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் நூல் அப்படியே கிடக்கும். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குத் துளையிட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டார். டிஜிட்டல் என்று நாம் சொல்வதன் மூத்த தலைமுறை ஆரணி வீடுகளில் இன்னும் சடசடத்துக்கொண்டிருக்கிறது.

தறிக்காரர் மயிலைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பாப்பா இருக்குது. ஆனா நம்மகிட்ட இருக்கறது 240 கொக்கி. இம்மாம் வளைவு வெச்சா தறியில படிப்படியாத்தான் விழும்" என்றார். அவள் முகம் வாடவில்லை. படி விழுவதுதான் தறியின் இயல்பு என்றால் படிகளாலேயே வரைகிறேன் என்று அங்கேயே கட்டம் போட்ட தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தோகை முழுவதும் சின்னச் சின்னப் படிகளாக இறங்கியது. கழுத்து மட்டும் ஒரே சாய்வு. கணினியில் வரைந்ததைவிட இது பத்து மடங்கு உயிரோடு இருந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் விழாது, ஜரிகை சேர்ந்தால் இன்னும் மாறும். அதனால் தாளில் சதுரக் கட்டத்தில் போட்ட வட்டம் புடவையில் முட்டை மாதிரி வரும். திரும்பி வந்ததும் மென்பொருளில் கட்டங்களின் உயரத்தையும் அகலத்தையும் அவருடைய தறிக்குத் தகுந்த விகிதத்துக்கு அவள் மாற்றிவிட்டாள். இப்போதெல்லாம் தறி வேலை என்று யார் போன் செய்தாலும் அவள் முதலில் கேட்பது எத்தனை கொக்கி என்றுதான்.

மயிலின் கண்ணுக்கு நான்கு கட்டம் போதுமா, ஆறு வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒரு முழம் நெய்து பார்த்த பிறகே சொல்ல முடியும் என்கிறார் தறிக்காரர்.