அவசரப் பிரிவில் நான் சொன்ன பொய்

மனச்சிதைவு நோய்க்கு நான்கு ஆண்டுகளாக மருந்து எடுத்துவந்த என் தம்பி, மாத்திரைகளை நிறுத்திய ஆறாவது வாரத்தில், காதில் கேட்ட குரலின் கட்டளைக்குப் பணிந்து தன் வலது கண்ணைத் தானே காயப்படுத்திக்கொண்டான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, "கீழே விழுந்துவிட்டான்" என்று மருத்துவரிடம் சொன்னேன்.

கண்ணை அழுத்தாதபடி மேலே பிளாஸ்டிக் கவசம் ஒட்டி, டி.டி. ஊசி போட்டு, சி.டி. ஸ்கேன் எடுத்து, மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்ததால் தண்ணீர்கூடத் தராமல் வைத்திருந்து, அன்றிரவே தையல் போட்டார்கள். கண்ணைப் பொறுத்தவரை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் உண்மையை மறைத்ததால் அவனைக் கண்காணிக்க யாரும் இல்லை. விடியற்காலையில் அவன் கை இடது கண்ணை நோக்கிப் போனதைக் கண்ட நர்ஸ், ஓடிவந்து அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே அரைமணி நேரம் நின்றார். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

சொன்னதும் அவனை மனநல மையத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். அங்கேயோ கண் ஆறட்டும் என்றார்கள். கடைசியில் இரண்டு துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் அவனை ஏற்றுக்கொண்டது. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட்டார்கள், காவலர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, சிகிச்சை முடிவுகளில் அவனுக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியாக நான் விண்ணப்பிக்க, 30 நாள் வரையிலான சிகிச்சைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆழமான காயம் பட்ட கண்ணால், அரிதாக, உடலின் எதிர்ப்பாற்றல் நல்ல கண்ணையும் தாக்கக்கூடுமாம்; அது வாரங்களிலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதற்குத் தரும் ஸ்டீராய்டு மனநிலையைக் குலைக்கக்கூடும் என்பதால், கண் மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே கேஸ் ஷீட்டில் எழுதிக் கலந்து பேசித்தான் எந்த மருந்தையும் முடிவுசெய்தார்கள். முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் இது அன்றே தொடங்கியிருக்கும். மாத்திரை நின்ற வாரத்திலேயே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்திருக்கலாம் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

வலது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. குரல் கேட்டால் மறைக்காமல் சொல்வதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அண்ணே, திரும்பக் கேக்குது" என்றான். அன்று மாலையே மருத்துவரிடம் போனோம்.