நீர்க்கட்டியும் இரத்தக் கொழுப்பும்: கோத்தகிரி நாட்குறிப்பு

2024 நவம்பர் 11

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவதற்கும் முகவாயில் முளைக்கும் முடிக்கும் காரணம் பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுதான் என்று உறுதியானதும், கொழுப்புப் பரிசோதனை ஒன்றையும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். "ஒல்லிக்குச்சியா இருக்கிறவளுக்கு எதுக்குடி கொலஸ்ட்ரால் டெஸ்ட்?" என்றார் அம்மா. பி.சி.ஓ.எஸ். கண்டறியப்பட்ட பெண்கள் அனைவருக்கும், வயதும் எடையும் எதுவாயினும், இப்பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்றே 2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. உணவுக்குப் பின் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு சில மணி நேரம் உயர்ந்தே நிற்கும் என்பதால், வெறும் வயிற்றுடன் வரச் சொன்னார்கள். நவம்பர் மழையில் தேநீர் குடிக்காமல் குன்னூர் பேருந்தைப் பிடிப்பது இந்த மலையில் பிறந்தவர்களுக்குத் தனித் தண்டனை.

2024 நவம்பர் 12

அறிக்கை வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 186, ட்ரைகிளிசரைடு 198, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 36, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 110. ஆசிரியர் அறையில் முதல் வரியை மட்டும் பார்த்த தோழி, "இருநூறுக்குள்ளதானே இருக்கு, அப்புறம் என்ன டீச்சர்?" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழும், பெண்களுக்கு ஹெச்.டி.எல். 50-க்கு மேலும் இருக்க வேண்டும்; என் தாளில் இரண்டுமே தவறியிருக்கின்றன. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் அதே 110 வருகிறது. ஆக, எல்.டி.எல். நேரடியாக அளக்கப்பட்டதன்று; ஃப்ரீட்வால்ட் என்ற ஆய்வாளர் 1972-இல் தந்த கணக்கில் கிடைத்தது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இக்கணக்கு செல்லாது.

2024 நவம்பர் 16

மருத்துவரிடம் நெடுநேரம் பேச முடிந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு, மெலிந்தவர்களையும் சேர்த்து, உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்க, அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் இயக்குநீரைப் பெருக்குகிறது. மறுபுறம், கொழுப்புத் திசுவை அடக்கி வைக்க வேண்டிய இன்சுலினின் பிடி தளர்வதால், அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி இரத்தத்துக்குள் அனுப்புகிறது. அத்துகள்கள் மிகும்போது ஹெச்.டி.எல்.லோடு கொழுப்பைப் பண்டமாற்று செய்துகொள்கின்றன. ட்ரைகிளிசரைடு ஏறிய ஹெச்.டி.எல். விரைவில் இரத்தத்திலிருந்து அகற்றப்பட்டுவிடுகிறது. எல்.டி.எல்.லும் இதே வழியில் சிறுத்து, அடர்ந்த துகளாகிறது. அத்தகைய எல்.டி.எல். துகள்களின் எண்ணிக்கை கூடினாலும் 110 என்ற அளவு அதைக் காட்டிக் கொடுக்காது. எனவே மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லை மட்டும் கழித்த எண்ணையும் கவனிக்கச் சொன்னார்: எனக்கு 150, இருக்க வேண்டியது 130-க்குள்.

தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு கூடும் என்பதால் அதையும் பார்த்தார், சரியாகவே இருக்கிறது. மாதவிலக்கைச் சீராக்கும் கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ட்ரைகிளிசரைடை உயர்த்தக்கூடும் என்பதால், அதை இப்போதைக்குத் தள்ளி வைத்தார்.

2024 நவம்பர் 24

அம்மா தாளிப்பதற்குக்கூட எண்ணெய் விட மறுக்கிறார். பீன்ஸ் பொரியல் தண்ணீரில் வெந்து கிடக்கிறது. பக்கத்திலேயே தட்டு நிறையச் சோறு, மாலையில் இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட தேநீருடன் வர்க்கி. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மைதாவுக்கும் அளவு மீறிய சோற்றுக்கும் உள்ள பங்கை நம் வீடுகளில் யாரும் கணக்கில் கொள்வதில்லை. பழியெல்லாம் எண்ணெய்ச் சட்டிக்கே. வர்க்கியோ மைதா, கொழுப்பு ஆகிய இரண்டையும் அடுக்கடுக்காகச் சுமந்திருப்பது. உதகை வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை ட்ரைகிளிசரைடுக்குத் தெரியுமா? சோற்றைப் பாதியாக்கி, அவரையும் கீரையும் கூட்டி, கடலை எண்ணெயில் அளவாகத் தாளிக்கலாம் என்று அம்மாவுடன் உடன்பாடு செய்துகொண்டேன். பள்ளிக்கு ஏற்றப் பாதையில் நடந்தே போகிறேன்.

2025 பிப்ரவரி 15

மறுபரிசோதனை: ட்ரைகிளிசரைடு 152, ஹெச்.டி.எல். 39, எல்.டி.எல். 111. முதலாவது கண்கூடாக இறங்கியிருக்கிறது, ஹெச்.டி.எல். எளிதில் ஏறாது, நடையை விடாதீர்கள் என்றார் மருத்துவர். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றிக் கேட்டேன். இந்த அளவுகளுக்கு இப்போது தேவையில்லை என்றும், குழந்தைக்குத் திட்டமிடும் காலத்தில் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள் என்றும் விளக்கினார். அடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளக்கும் சோதனை. பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.