புளித்த மாவும் குழிப்பணியாரமும்: வார நாள் இரவுச் சாப்பாட்டுக் குறிப்பு

பிள்ளைகள் தட்டை ஒதுக்குவதற்குப் பல நேரம் ருசி காரணமே இல்லை, நாக்கில் தட்டுப்படுவதுதான் காரணம். கடுகு, கறிவேப்பிலை, வழவழவென்று வதங்கிய வெங்காயம், தக்காளித் தோல்: இந்த நாலும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாலே பாதி மல்லுக்கட்டு தீர்ந்துவிடுகிறது. இதை வைத்து, அரைத்த மாவு ஒன்றிலேயே வார இரவுகளை ஓட்டிப் பார்த்ததில் உறுதியாக நிலைத்தது குழிப்பணியாரம்.

மாவுக்கு இட்லி அரிசி 4 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 டீஸ்பூன். ஞாயிறு சாயங்காலம் அரைத்தால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. புதன்கிழமை புளிப்பு ஏறிவிடும். தோசையாக ஊற்றினால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், ஆனால் பணியாரத்துக்கு அந்த மாவுதான் பொருத்தம். 2 கப் மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, 3 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் சேர்த்தால் புளிப்பு அடங்கும். சர்க்கரை போட்டுச் சரிக்கட்டினால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகுகிறது. சோடா உப்பு வேண்டாம். புளித்த மாவு தானாகவே உப்பும்; சோடா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை அடிக்கும்.

தேவையான மாவை மட்டும் அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். சில்லென்று ஊற்றினால் கல்லின் சூடு இறங்கி அடியில் பிடிக்கும்.

காரட் நடுத்தர அளவில் ஒன்று. காய்த்துருவியின் சின்னக் கண்ணில் துருவி, கையால் ஒரு தடவை நன்றாகப் பிழிய வேண்டும். பிழியாமல் போட்டால் மாவிலுள்ள உப்புக்கு அது தண்ணீர் விட்டு, பணியாரத்தின் நடுப்பகுதி கொழகொழவென்று நிற்கும். பிழிந்த சாறு பருப்புக்கு ஆகும். சின்ன வெங்காயம் எட்டைப் பொடியாக நறுக்கி நல்லெண்ணெயில் பொன்னிறமாக முறுக விடுங்கள், வதக்கினால் மட்டும் போதாது. கறிவேப்பிலையையும் அதே எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கையால் நொறுக்கிக் கலந்தால் ஒதுக்கி வைக்க இலை இருக்காது. கடுகு தேவையே இல்லை.

7 குழி இரும்புக் கல்லில் இந்த அளவு மூன்று ஈடு வரும். குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், முக்கால் குழி மாவு, மிதமான தீ, மூடி போட்டு 2 நிமிடம். தீயைக் கூட்டி அவசரப்படுத்தினால் வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும். விளிம்பு வெந்து, குழியை விட்டு மயிரிழை அளவு விலகும். அந்த ஓரத்தில் கம்பியைக் குத்தித் தள்ளினால் பணியாரம் தானாகச் சுழன்று திரும்பும். அதற்கு முன்பே குத்தினால் மேல் பாதி மட்டும் கையோடு வரும், அடி குழியிலேயே தங்கிவிடும். திருப்பிய பிறகு மூடி வேண்டாம், இன்னும் ஒன்றரை நிமிடம் போதும்.

தொட்டுக்கொள்ளச் சட்னியைவிடப் பருப்பு நல்லது. பாசிப்பருப்பு அரை கப், தோல் சீவிய மஞ்சள் பூசணி 100 கிராம், மஞ்சள்தூள், தண்ணீரும் காரட் சாறுமாக ஒன்றரை கப். கல்லை அடுப்பில் வைக்கும் முன்பே குக்கரை ஏற்றி 3 விசில் விடுங்கள். மசித்தால் பூசணி இருக்கும் இடமே தெரியாது, நிறமும் மாறாது. நெய்யில் சீரகத்தூள், பெருங்காயம், கிள்ளாத வற்றல் ஒன்று தாளித்து, வற்றலை எடுத்துவிட வேண்டும். மிளகாயின் காரம் அதிகம் இருப்பது விதை ஒட்டியிருக்கும் உள்நரம்பில். முழுசாகப் போட்டால் மணம் இறங்கும், காரம் அவ்வளவாக இறங்காது.

ஆனால் மறைத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. வேகவைத்த காரட் ஒரு துண்டு தட்டின் ஓரத்தில் தெரியும்படி இருக்கட்டும், சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பார்த்துப் பழகாத காயை எந்தப் பிள்ளை தொடும்?

இன்னும் சரிப்படாதது கீரை. முருங்கைக்கீரையை அரைத்து ஊற்றினால் மாவு முழுக்கப் பச்சையாகிறது, கண்ட உடனே தட்டு நகர்கிறது. நறுக்கிப் போட்டால் காம்பு பல்லில் படுகிறது. இப்போதைக்குக் கை கொடுப்பது கறுப்பு எள்ளுப்பொடிதான். அதன் நிறத்தில் பச்சை தெரிவதில்லை. 4 டேபிள்ஸ்பூன் பொடிக்கு, நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை இலை 1 டீஸ்பூன். அதற்கு மேல் போனால் கசக்கிறது.