ப்ரீதியை விட்டு யூனிகோடுக்கு: நேபாளித் தட்டச்சில் விரல் தடுமாறும் இடங்கள்

நேபாளத்துப் பழைய கோப்புகளில் பெரும்பாலும் தட்டுப்படுவது ப்ரீதி எழுத்துரு. பார்வைக்குத்தான் தேவநாகரி, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஜி, மூடும் சதுர அடைப்பு, கே, எஃப், என் என்று தட்டினால் 'நேபால்' தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே பல்லிளிக்கும். தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பழகியவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.

எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத பொதுக் குறியீடான யூனிகோடில் ட்ரெடிஷனல், ரோமனைஸ்டு என்று இரண்டு லேஅவுட்கள் (விசை அமைப்புகள்) புழங்குகின்றன. லலித்பூரில் உள்ள மதன் புரஸ்கார் புஸ்தகாலயா என்ற நூலகம் இரண்டையும் வெளியிட்டது. ப்ரீதி விரலில் ஊறியவர்களுக்கு ட்ரெடிஷனல். புதிதாகத் தொடங்குகிறவர் யோசிக்கவே வேண்டாம், ரோமனைஸ்டு போதும்: என், இ, பி, ஏ, எல் என்றாலே 'நேபால்'. ஆனால் ஏ விசை ஆகாரக் குறி. மெய்யோடு சேர்ந்த அகரத்துக்குத் தனி விசை கிடையாது. தனி அகரம் ஷிஃப்ட் ஹெச். 'ட' (ट) க்யூவில் இருக்கிறது, 'டமரு'வின் ட (ड) எக்ஸில். ஹலந்த் (நம் புள்ளி போல அகரத்தை நீக்கும் குறி), சாய்கோட்டு (/) விசை.

லேஅவுட் எதுவானாலும் வரிசை மாறுவதுதான் பெரிய இடி. ப்ரீதியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவோம். யூனிகோடில் ஒலிக்கிற வரிசையில். இகரக் குறி இடப்பக்கம் நிற்பதால் ப்ரீதியில் அதுதான் முதலில்; யூனிகோடில் மெய்க்குப் பிறகு. முந்திக்கொண்டால் புள்ளிவட்டம் வரும், அல்லது குறி முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கர்ம' என்பதற்கு ப்ரீதியில் க, ம, கடைசியில் மேலே ரேஃப் (எழுத்தின் தலையில் ஏறும் ர் குறி). யூனிகோடில் க, ர, ஹலந்த், ம.

நேபாளிக்கே உரிய சிக்கல் 'கர்யோ' (செய்தான்). இங்கே ர் மேலே ஏறாமல், ய-வின் இடப்பக்கம் இமைமயிர் போல ஒட்ட வேண்டும். ர, ஹலந்த் அடித்து, யு+200டி என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பானைப் போட்டு, பிறகு ய, ஓகாரம். இணைப்பானை விட்டால் ரேஃப் மேலே போய்விடும். நேபாளியில் அது பிழை. இறந்தகால வினைகளில் அடிக்கடி வருவதால் இதை முதல் நாளே பழகுவது நல்லது. லேஅவுட் படத்தில் இணைப்பானின் விசையைத் தேடி வட்டமிட்டு வையுங்கள்.

பழைய கோப்புகளை மாற்றியில் (ப்ரீதியை யூனிகோடாக்கும் கருவி) போடும்முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே பிரித்துவிடுங்கள். வெறும் உரையாக ஒட்டும்போது எது ப்ரீதி, எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரிகூட தேவநாகரிக் குப்பையாகிவிடும்.