ஐப்பசிப் புகை: பாலக்கோடு பக்கத்துப் பட்டுப்புழுக்காரனின் நாட்குறிப்பு

அக்டோபர் 19

காலை எட்டு மணிக்கு இளம்புழு மையத்திலிருந்து புழு வந்து இறங்கியது. 150 முட்டைத் தொகுதியில் பொரிந்தவை, இரண்டாம் தோல் உரித்து முடித்தவை. ஒரு வாரமாக ஷெட்டைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் அடித்து, புழுவின் மேல் முட்டையிட்டுக் கொல்கிற ஊசி ஈ உள்ளே வராமலிருக்கக் கட்டிய வலையில் இருந்த ஓட்டைகளைத் தைத்து வைத்திருந்தேன். அடுக்குகளின் கால்களுக்குக் கீழே எறும்பு ஏறாமலிருக்க கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியாயிற்று. மொத்தம் 24 கிண்ணம். மழை ஈரம் இருக்கிறது, சுண்ணாம்பு தாராளமாகத் தூவவேண்டும். இந்த ஈரத்தில் சுண்ணாம்புக்கட்டி நோய், அதாவது புழுவை வெள்ளையாக விறைக்க வைக்கிற பூஞ்சை நோய், வந்தால் பிழைப்பு போச்சு.

அக்டோபர் 21

எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். தர்மபுரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்ததில் டெங்கு. அங்கேயே சேர்த்துவிட்டார்கள். ஏழாவது படிக்கிற பெண், போன பயிரில், அதாவது போன தடவைப் புழு வளர்ப்பில், கூடு பிரிக்க வந்து நூறு கேள்வி கேட்டாள். கீழ்த்தெருவில் இன்னும் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். மாலையில் ஊர் முழுக்க நிலவேம்பு வாசனை.

அக்டோபர் 22

பிள்ளையார் கோவில் திண்ணையில் கூட்டம். பக்கத்து ஊரில் புகை மருந்து அடித்தார்களாம், இங்கே ஏன் அடிக்கவில்லை என்று ஆளுக்கொரு சத்தம். நான் எழுந்து, அடிக்கத்தான் வேண்டுமென்றால் மல்பெரித் தோட்டத்தை விட்டு அடியுங்கள் என்றேன். உடனே ஒரு பெரியவர் கேட்டார்: “உனக்குப் புழு முக்கியமா, புள்ள முக்கியமா?”

வாயடைத்துப் போனேன். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் படும்.

இன்னொருவர் சமாதானம் சொன்னார். அது பூவிலிருந்து எடுக்கிற மருந்து, ஒன்றும் செய்யாது என்று. பைரெத்ரம் சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் அது பூச்சியைக் கொல்லத்தானே இருக்கிறது? என் பட்டுப்புழுவும் பூச்சிதான். கொசு எது, புழு எது என்று மருந்து பிரித்துப் பார்க்காது.

அக்டோபர் 23

தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், டார்செஸ்டர் என்ற பகுதியில், கொசு பரப்புகிற ஜிகா காய்ச்சலுக்குப் பயந்து விமானத்திலிருந்து நேலட் என்ற கொசுமருந்தைத் தெளித்திருக்கிறார்கள். காலையில், தேனீ பூவுக்குப் போகிற நேரத்தில். லட்சக்கணக்கான தேனீக்கள் பெட்டிகளுக்கு முன்னாலேயே குவியலாகச் செத்துக் கிடந்தன. முன்கூட்டியே சரியாகச் சொல்லவில்லை என்று தேனீ வளர்த்தவர்கள் அழுதிருக்கிறார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அப்படி.

நேற்று திண்ணையில் சொல்லியிருக்க வேண்டியது இப்போதுதான் வரிசையாக ஞாபகம் வருகிறது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. தங்குவது வீட்டுக்குள், கட்டிலடியில், மாட்டி வைத்த சட்டைக்குப் பின்னால். தெருவில் புகை வந்தால் நாம் முதலில் செய்வது கதவைச் சாத்துவது. கொசுவும் நம்மோடு உள்ளே பத்திரமாக இருக்கும். அப்படியே பறக்கிற கொசு செத்தாலும், தண்ணீர் டிரம்மில் இருக்கிற கொசு முட்டைக்கும் கொசுப்புழுவுக்கும் புகையால் ஒன்றும் ஆகாது. ஏழு முதல் பத்து நாளில் அடுத்த கூட்டம் பறந்துவிடும்.

அக்டோபர் 24

ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். நானும் மனைவியும் ஷெட் ஜன்னல்களில் தார்பாயைக் கட்டி, இடுக்குகளில் ஈரச் சாக்கைத் திணித்தோம். பிழைத்தது ஷெட் மட்டும்தான். வடகிழக்குக் காற்று, வெள்ளைப் புகை அப்படியே சாய்ந்து மல்பெரிக்குள் புகுந்தது. இருட்டிய பிறகும் இலையில் டீசல் நாற்றம்.

அக்டோபர் 25

மூன்று முறம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 30 புழு. முதல் முறத்துக்குத் தெருவோர வரிசை இலை, இரண்டாவதற்கு நடுத்தோட்டத்து இலை, மூன்றாவதற்குக் கிணற்றுப்பக்கத்து இலை. ஷெட்டிலிருந்து தள்ளி மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் வைத்தேன். ஷெட்டில் இருப்பதற்கு நேற்றே வெட்டி வைத்த தழை இன்று வரை போதும்.

முதல் முறத்தில் ஆரம்பத்தில் நன்றாகத்தான் தின்றன. அரை மணி கழித்து ஒரு புழு தலையைத் தூக்கி இடமும் வலமும் ஆட்ட ஆரம்பித்தது. தோல் உரிக்கும் முன்னால் தலை தூக்கி அசையாமல் நிற்குமே, அது வேறு. இது வலியில் ஆட்டுவது போல. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் கக்கியது. அப்புறம் உடம்பு சுருங்கிப் பாதி நீளமாயிற்று. விரலால் தொட்டால் பிடிப்பில்லாமல் உருண்டது.

அக்டோபர் 26

விடிந்ததும் எண்ணினேன். முதல் முறத்தில் 27 செத்தது. நடு முறத்தில் 4. கிணற்றுப்பக்கத்து முறத்தில் எல்லாம் உயிரோடு. அடுத்த தழையைக் கிணற்றுப்பக்கத்தில் மட்டும் வெட்டினேன்.

தோட்டத்தில் கால்பங்குக்கு மேல் இந்தப் பயிருக்கு உதவாது. ஒரு புழு வாழ்நாளில் தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு, நான்காம் தோல் உரித்த பிறகு வருகிற ஐந்தாம் பருவத்தில்தான் தின்னும். அது வர இன்னும் மூன்று நாள். இலை விலைக்கு வாங்கவேண்டும். செத்த புழுக்களையும் அந்த இலையையும் ஒரு பையில் போட்டு வைத்தேன், ஊராட்சித் தலைவரிடம் காட்ட.

அக்டோபர் 27

நான்காம் தோல் உரிப்பு. இலை போடத் தேவையில்லாத நாள் என்பதால் ஷெட்டைக் கூட்டினேன். அடுக்குக்குக் கீழே துடைப்பம் போகவில்லை என்று குனிந்து டார்ச் அடித்தேன்.

எறும்புக் கிண்ணத்தில் நெளிந்தது.

தலைகீழாகத் தொங்கி, வெளிச்சம் பட்டதும் சுண்டிக்கொண்டு அடியில் இறங்குகிற கொசுப்புழு. ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தேன். 24-இல் 9. போன பயிரிலிருந்து கிண்ணத்தைத் தேய்க்காமல் அப்படியே தண்ணீர் ஊற்றியவன் நான்தான். டெங்குக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டையிடும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து தண்ணீர் பட்டதும் பொரியும். இதைப் படித்தும் இருக்கிறேன், நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது, நூறு இருநூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் சுற்றும். என் ஷெட்டிலிருந்து அந்த அக்கா வீட்டு வாசல் நாற்பது அடி.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். தலைவருக்கென்று கட்டி வைத்த பை திண்ணையில் கிடக்கிறது. எடுத்துப்போகக் கால் வரவில்லை.

அக்டோபர் 28

பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரத்தத்தில் தட்டணு ஏறிவிட்டதாம். போய் அக்காவிடம் கிண்ணத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அவ தூங்கறா தம்பி, அப்புறம் வாங்க” என்றார்.

அக்டோபர் 29

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் மஸ்தூர் அக்காக்கள் இரண்டு பேரோடு நானும் போனேன். காலையிலிருந்து மதியம் வரை 41 வீடு. போர் தண்ணீரில் புளோரைடு, பல்லில் கறை. அதனால் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். டிரம்முக்கு மூடி இருக்கும், மூடியிருக்காது. கிடைத்தவை: கூரை பறக்காமலிருக்கப் போட்ட டயர், கொல்லையில் கவிழ்க்காத ஆட்டுக்கல், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு, கோவில் சிமெண்ட் தொட்டி, தேங்காய்த்தொட்டி எண்ணிக்கையில்லை. என்னை அதட்டிய பெரியவர் வீட்டில் மாட்டுத்தொட்டி. நான் ஒன்றும் பேசவில்லை, எனக்கு ஏது வாய்.

கவிழ்க்க முடியாத தொட்டிகளுக்கு அபேட் மருந்து அளந்து ஊற்றினார்கள். அதுவும் பூச்சிமருந்துதான், ஆனால் கொசுப்புழு இருக்கிற தண்ணீரிலேயே நிற்கும், காற்றில் ஏறி என் தோட்டத்துக்கு வராது. எனக்கு அதில் சண்டையில்லை.

அக்டோபர் 31

கடைசியில் பையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். முதலில் என் கிண்ணங்களைப் பற்றிச் சொன்னேன், அப்புறம் முறத்தைப் பற்றி. காய்ச்சல் கண்ட வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் உள்ளே அடியுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். தெருத் தெருவாகத் தோட்டம் வரை அடிக்க வேண்டாம், முந்தின நாளே சொல்லுங்கள் என்று கேட்டேன்.

தலைவர் சிரித்தார். “புகை போட்டாதான் தம்பி ஜனம் நம்பும். டிரம்ம கழுவுங்கன்னு சொன்னா திட்டுவாங்க.” மனுஷன் பொய் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்து எல்லைக்கல்லோடு நிறுத்தச் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 4

நேற்றே தகவல் வந்துவிட்டது. அதே பையன். எல்லைக்கல் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். முகத்தில் துண்டு மட்டும்தான் கட்டியிருந்தான். கையுறை இல்லை, முகமூடி இல்லை. மோர் கொடுத்தேன். ராத்திரி சோறு தின்றாலும் டீசல் ருசிதான் வருகிறது என்றான். டப்பாவை வாங்கிப் பார்த்தேன், மாலத்தியான். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் வகைப்படுத்திய மருந்து. அவனிடம் அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். “தெரியும்ணா, தினக்கூலிதானே” என்றான்.

என் புழுவைப் பற்றி ஊரே பேசிவிட்டது. இவனைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை, நானும்தான்.

நவம்பர் 6

புழு பழுத்துக் கூடு கட்டத் தயாராகிவிட்டது. கூடு கட்டுகிற பிளாஸ்டிக் சட்டமான நெட்ரிக்காவில் விட்டோம். வாங்கிய இலைக்குக் கொடுத்த பணத்தை நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12

கூடு பிரித்தோம். 91 கிலோ. போன பயிரில் 108. நாளை விடியற்காலை தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு.

எதிர்வீட்டுப் பெண் வந்தாள். இளைத்திருக்கிறாள். கூடு பிரிக்க வேண்டாம், உட்கார் என்றால் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுக்குக்குக் கீழே தவழ்ந்து போனாள். வாரம் இரண்டு முறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. “மாமா, இதுல ஒண்ணு நெளியுது.”