மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

அடுத்த மாதம் பேறுகால விடுப்பு முடிகிறது. 26 வாரம் பறந்துவிட்டது. இரட்டையருக்கு ஐந்து மாதம். பெரியவன் எல்கேஜி, மதியமே வேன் கொண்டுவந்து விட்டுவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் பெரும்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்து பார்த்தார். சின்னவளைத் தோளில் போட்டு ஏப்பம் எடுத்த விதத்திலேயே எங்களுக்குப் பிடித்துவிட்டது. சம்பளம் கேட்டால், "நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்கிறார். வேலை தேவைப்படுகிறவர் வேறென்ன சொல்வார்? அதைச் சாக்காக வைத்து வாய்க்கு வந்த தொகையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

அபார்ட்மெண்டில் விசாரித்தேன். ஒரு குழந்தைக்கு, தினம் பத்து மணி நேரத்துக்கு, மாதச் சம்பளம் 14,000 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் மணிக்கு 54 ரூபாய்கூட வராது. வீட்டு வேலைக்கு அரசு குறைந்தபட்சக் கூலியாக 37 முதல் 39 ரூபாய்தானே வைத்திருக்கிறது என்றார் கீழ்வீட்டுக்காரர். அது 2018-இல் வைத்தது. அன்றைய பால் விலையில் இன்று யாராவது பால் தருகிறார்களா?

இன்னொருவர், "கூடுதலாக ரெண்டாயிரம் கொடு, போதும். ரேட்டை ஏத்திவிட்டுடாதே" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு குழந்தை என்றால் அது தூங்கும்போது பார்த்துக்கொள்பவர் சாப்பிடலாம், கொஞ்சம் காலை நீட்டலாம். இரட்டையரிடம் அது நடக்காது. ஒருத்தி கண்ணை மூடும்போது மற்றவள் விழிப்பாள். ஒருத்திக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்தவளுக்குப் பசி. பாட்டில் கொதிக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் இரண்டு மடங்கு. நடுவில் பெரியவன் வந்து, "எனக்கு ஊட்டிவிடு" என்று அடம்பிடிப்பான். அக்கா இழப்பது அந்த ஓய்வைத்தான். அதற்கு ரெண்டாயிரம் என்பது அநியாயம்.

அதே நேரம், மூன்று பிள்ளை என்பதால் மூன்று மடங்கு என்றும் இல்லை. வந்துபோவது ஒரே தடவை, நாளும் ஒரே நாள். நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்: 14,000, இரண்டாவது குழந்தைக்கு 4,000, பெரியவனின் மதியப் பொழுதுக்கு 2,000. மொத்தம் 20,000, மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய். பிள்ளைகளின் துணி, பாட்டில், சாப்பாடு மட்டும் அவர் பொறுப்பு. எங்களுக்குச் சமைப்பதும் வீடு துடைப்பதும் இதில் சேராது. "மதியம் குழம்பு மட்டும்" என்று கணவர் ஆரம்பித்தார், நான் விடவில்லை.

ஜூன் 9, திங்கள்

பேசி முடித்தாயிற்று. தொகையைக் கேட்டதும் அக்கா சரி என்றுவிட்டார். அவருக்கு வேறு இரண்டு கவலைகள். "பத்தாம் தேதி சீட்டு கட்டணும்மா, அஞ்சாம் தேதிக்குள்ள சம்பளம் வந்துடணும்." அப்புறம், "ராத்திரி நேரமாச்சுன்னா ஃப்ரீ பஸ்ஸை நம்ப முடியாது, ஷேர் ஆட்டோதான்." நியாயம்தானே. ஆறரைக்கு மேல் போனால் மணிக்கு 120 ரூபாயும் ஆட்டோ காசும். ஞாயிறு விடுமுறை, அது தவிர மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. நாங்கள் ஊருக்குப் போனாலும் பிடித்தம் கிடையாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். எல்லாவற்றையும் தமிழில் எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம்.

ஜூன் 16, திங்கள்

இன்று சர்வதேச வீட்டுப் பணியாளர் தினம். இவர்களுக்கான ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை 2011-இல் இதே தேதியில்தான் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் இவர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. அக்கா இதுவரை பதிவு செய்யவில்லை. வேலைச் சான்று நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் எதிர் பிளாக் தோழி போன் செய்தாள். அவள் வீட்டில் வேலை செய்பவரும் சம்பளம் கூட்டிக் கேட்கிறாராம். கோபமாகத்தான் பேசினாள். எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். துணி துவைப்பதையும் பாத்திரத்தையும் சேர்த்தே அவர் செய்கிறார் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது.

ஜனவரியில் இரட்டையர் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது சம்பளத்தைத் திரும்பப் பேசுவோம் என்பதையும் இன்று காகிதத்தில் சேர்த்துவிட்டோம். அக்காவே கேட்டுச் சேர்த்தது.