ஹாம் ரேடியோ: பரீட்சை சுலபம், மொட்டை மாடிதான் கஷ்டம்

ஹாம் ரேடியோ என்றால் பொழுதுபோக்காகச் சொந்த வானொலி செட்டில் மற்றவர்களோடு பேசுவது. அதற்கான லைசென்ஸ் என்றதும் எல்லோரும் பரீட்சையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். என்னைப் படுத்தி எடுத்தது பரீட்சை இல்லை. என் இனிஷியலும் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியும்தான்.

நான் இருப்பது கோவை. லைசென்ஸ் வந்த பிறகு கிளப்பில் சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கிளப்பைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அவர்களே இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் கிளப்பில் சேருவதற்கு ஒரு பாரமும் சந்தாவும் போதுமாக இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் ஐபால், அதாவது நேரில் சந்திப்பு, நடக்கும். டெலிபோன் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பழைய கேள்விகளை நகலெடுத்துக் கொடுத்தார். "ஓம் விதி உங்களுக்கு வருமுங்க அம்மணி. ஃபெயில் ஆகறவங்க எல்லாம் ரூல்ஸ்லதான் போவாங்க" என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பம் ஒரு பாதி, விதிமுறை ஒரு பாதி, இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கியூஆர்எம் மனிதர்கள் கிளப்பும் இரைச்சல், கியூஆர்என் இடி மின்னல் தரும் இரைச்சல். இந்த மாதிரி மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ கோடுகளை இட்லி ஊற்றும்போதே மனப்பாடம் செய்துவிடலாம்.

ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுதான் எழுதினேன். அதற்கு மோர்ஸ் எனும் தந்திக் குறியீட்டுத் தேர்வு கிடையாது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம், 100 ரூபாய் கட்டணம். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் பரீட்சை அன்று சரிபார்ப்பு மேசையில் வந்தது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயர். மேசையில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்து, "இதுல நீங்க யாரு மேடம்?" என்று கேட்டார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி எழுத மட்டும் அனுமதி வாங்கினேன். ஆனால் மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்தோடு அஃபிடவிட் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுபடி பஸ் ஏறி, அலுவலகத்துக்கு லீவு போட்டு அதைக் கொண்டுபோனால், அந்த மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் எதுக்கும்மா? ஆதார் போதுமே" என்று வாங்கவே இல்லை. அந்த ஸ்டாம்ப் பேப்பர் இன்னும் என் பீரோவில் கிடக்கிறது.

இனிஷியல் உள்ள அத்தனை பேருக்கும் சொல்கிறேன்: விண்ணப்பத்தில் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அப்படியே போடுங்கள்.

பரீட்சை? பக்கத்து பெஞ்சில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன், 12 வயது ஆனால் போதும் என்பதால். எனக்கு முன்னால் முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பாஸ்.

லைசென்ஸ் கட்டணம் 20 வருஷத்துக்கு 1000 ரூபாய், ஆயுள் முழுக்க என்றால் 2000. நான் ஆயுளையே எடுத்தேன். இந்தப் பெயர்க் கதையை இன்னொரு தடவை ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. காத்திருப்பு நீண்டது. காத்திருக்கும்போது செட் வாங்கக் கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். கேட்பதற்கு இணையத்திலேயே ரிசீவர் இருக்கிறது, வெப் எஸ்டிஆர் என்பார்கள். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எங்கே இடைவெளி விடுகிறார்கள் என்பதெல்லாம் காதில் ஏறிவிடும்.

வியூ3 (VU3) என்று தொடங்கும் கால்சைன், அதாவது வானொலியில் நம் அடையாளக் குறி, கைக்கு வந்ததும் ஒரு கடையில் ஹேண்டி என்கிற கையடக்க செட் வாங்கினேன். "எல்லாம் புரோகிராம் பண்ணிட்டோம் மேடம், எல்லா சேனலும் ஓப்பன்" என்று பெருமையாகக் கொடுத்தார்கள். நமக்கு இதில் அனுமதி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, மேலே 434 முதல் 438 வரை. அவர்கள் ஓப்பன் செய்து வைத்ததில் யார் யாருடைய அலைவரிசையோ இருந்தது. தெரியாமல் பட்டனை அழுத்தியிருந்தால் வாசலில் ஜீப் நின்றிருக்கும். மலை உச்சியில் இருந்து நம் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிதான் ரிப்பீட்டர். அதைத் திறக்க முக்கியமாகப் போட வேண்டிய டோனை மட்டும் போடவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் 'நெட்'டில் நான் தொண்டை கிழியக் கால்சைன் சொல்கிறேன், ஒருவர் காதிலும் விழவில்லை. பெரியவர் போனில் வந்து, டோன், ஆஃப்செட் (அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் உள்ள 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி) இரண்டையும் சொல்லச் சொல்ல நானே மாற்றினேன். அடுத்த நிமிடம் நெட்டை நடத்தும் நெட் கண்ட்ரோல், "புது ஸ்டேஷன், வெல்கம், கோ அஹெட்" என்றார். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. பட்டனை அழுத்தியபடி பேச்சில்லாத வெறும் அலையை (கேரியர்) மலை உச்சி வரை அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரும் கிண்டல் செய்யவில்லை. பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்: கால்சைன், பெயர், ஊர், சிக்னல் எப்படி. போதும்.

கிளப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது நரி வேட்டை. எங்கோ ஒளித்து வைத்த குட்டி டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் போவது. அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டி பிவிசி குழாயில் பொருத்தி, சிக்னல் வரும் திசையைக் காட்டும் யாகி ஆன்டெனா செய்தோம். டேப்பின் மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை தேய்க்காவிட்டால் பற்றவைக்கும் ஈயம் உருண்டு உருண்டு கீழேதான் விழும், எவ்வளவு சூடு காட்டினாலும் ஒட்டாது. வாலாங்குளம் கரையில் நடந்த வேட்டையில், கட்டடங்களில் பட்டுத் திரும்பிய சிக்னலை நம்பி பாதிப் பேர் எதிர்த்திசையில் போய்விட்டார்கள். நரிக்குப் பக்கத்தில் போனதும் சிக்னல் மீட்டர் எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுசாக நிற்கும். அப்போது ஹேண்டியின் ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உடம்பு மறைக்கும் பக்கம் சிக்னல் குறையும், நரி முதுகுப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். இளநீர் வண்டிக்காரரின் கூடைக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். அவர் கடைசிவரை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, நல்ல மனுஷன்.

இப்போது மொட்டை மாடி. தொலைதூரம் பேச உதவும் எச்எஃப் அலைவரிசைகளுக்கு மைக்ரோ பிட்எக்ஸ் என்ற செட்டின் கிட் வாங்கினேன், ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. சுமார் 10 வாட். இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக் கட்டும் டைபோல் ஆன்டெனாவுக்கு, 7 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு பக்கம் 10 மீட்டர் என்று மொத்தம் 20 மீட்டர் கம்பி, பார்த்தால் துணி காயப்போடும் கொடிதான். அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் விடவில்லை. "டவர் எல்லாம் வைக்கக் கூடாதுங்க, ரேடியேஷன்" என்றார். லைசென்ஸைக் காட்டினேன், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவரைக் கூட்டிப் போனேன். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்ததையும், தொலைபேசி செத்துப்போன அந்தமானிலிருந்து ஹாம் வழியாகச் செய்தி வெளியே வந்ததையும் பெரியவர் உருக்கமாகச் சொன்னார். செயலாளர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிங்க, இதுக்கு மாசம் வாடகை எவ்வளவு வரும்?" என்றார்.

வாடகை வராது என்று புரிய வைத்த பிறகு ரேடியேஷன் பயமும் எப்படியோ குறைந்துவிட்டது. இரும்புக் கம்பம் கூடாது, தண்ணீர்த் தொட்டியைத் தொடக் கூடாது, மழைக்காலத்தில் இறக்கிவிட வேண்டும் என்று நிபந்தனை. பிவிசி குழாயில் கட்டிவிட்டேன். இடி இடிக்கும்போது கேபிளைக் கழற்றுவது எப்படியும் நம் நல்லதுக்குத்தான். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையே பெங்களூரு ஸ்டேஷன் ஒன்று கிடைத்தது, 59 ரிப்போர்ட், அதாவது சிக்னல் தெளிவும் வலுவும் முழுசு. லாக் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்த வாரமே தொட்டி கழுவ வந்தவர்கள் பழைய கேபிள் டிவி கம்பி என்று நினைத்து ஒரு பக்கத்தை நறுக்கிச் சுருட்டி, ஒழுங்காகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். இப்போது கம்பியின் இரண்டு முனையிலும் லேமினேட் செய்த அட்டை தொங்குகிறது: "வெட்டாதீர்கள், ஆளிருக்கு. கீழே நம்பர்."